மனநல மருத்துவரிடம் முதல் தடவை போகும்போது

இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, குளிக்கக்கூட மனம் வராமல் ரூமிலேயே கிடக்கிறீர்கள் என்றால் அது சோம்பேறித்தனம் இல்லை, மனச்சோர்வு நோயாக இருக்கலாம், டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம். ‘இந்த வயசுல உனக்கென்ன கவலை’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டால் போதும், அங்கே தரும் மருந்துக்குக் காசு இல்லை. ‘கீழ்ப்பாக்கம்’ என்று ஊரே கேலி பேசிப் பேசித்தான் எத்தனையோ பேர் கடைசிவரை போகாமலே இருக்கிறார்கள், அது 1794 முதல் இயங்கும் மனநல ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். நேரில் போகத் தயக்கமா? அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், இதுதான் முக்கியம். ஓ.பி.யில் கிடைப்பது சில நிமிடம், ‘மனசு சரியில்ல’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் பாதி விஷயம் உள்ளேயே தங்கிவிடும். எப்போதிலிருந்து இப்படி, எத்தனை மணிக்குத் தூக்கம் கலைகிறது, சாப்பாடு எப்படி, எத்தனை நாள் வேலைக்கோ காலேஜுக்கோ போகவில்லை, யாருடைய போனை எடுப்பதை நிறுத்திவிட்டீர்கள், முன்பு பிடித்த எது இப்போது பிடிக்கவில்லை. குடி, கஞ்சா இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு பல நாள் இருந்ததுண்டா என்பதும் வேண்டும், ஏனென்றால் அது பைபோலார் எனப்படும் இருதுருவ மனநோயாக இருந்தால் மருந்தே மாறும். தைராய்டு, ரத்தசோகை பரிசோதனை எழுதித் தந்தால் எடுத்துவிடுங்கள், அவையும் இதே மாதிரி சோர்வைத் தரும்.

மனச்சோர்வின் அளவைப் பார்க்க பி.எச்.க்யூ. 9 என்ற, ஒன்பது கேள்விகள் கொண்ட தாளைத் தரலாம். மொத்தம் 27 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டர் இன்னும் விரிவாகக் கேட்பார். ஒன்பதாவது கேள்வி சாகத் தோன்றுகிறதா என்பது பற்றியது, அதற்குத் தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள். அந்த எண்ணம் இப்போதே அழுத்துகிறது என்றால் ஓ.பி. நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம், தனியாகவும் இருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, ஆபீஸுக்குத் தெரிந்துவிடுமோ? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் விவரம் ரகசியம். உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகள் மட்டும் விதிவிலக்கு.

மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரமாவது ஆகும். முதல் சில நாள் குமட்டல் வரலாம். 25 வயதுக்குட்பட்ட சிலருக்கு ஆரம்பத்தில் பதற்றமும் தற்கொலை எண்ணமும் கூடுவதுண்டு, அப்படி இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், கூட இருக்கும் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கட்டும். நன்றாகிவிட்டது என்று நீங்களாகவே நிறுத்தாதீர்கள், தேறிய பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள்.

அடுத்த முறை போகும்போது அதே தாளை எடுத்துப் பாருங்கள். குளிக்கிறீர்களா, போனை எடுக்கிறீர்களா, வேலைக்குப் போகிறீர்களா, எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் காது கொடுத்தே கேட்கவில்லை என்று பட்டால், சீட்டையும் மருந்து விவரத்தையும் எடுத்துக்கொண்டு வேறு டாக்டரிடம் போங்கள்.