நடவுப் பாட்டுக்கு கிடார் போடுவது எப்படி

நாட்டுப்புறப் பாட்டும் ராக் இசையும் கலந்த ஃபோக் ராக் என்றாலே, 1965-ல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில் பாடகர் பாப் டிலன் எலக்ட்ரிக் கிடாரோடு ஏறிய கதையைத்தான் சொல்வார்கள். நாட்டுப்புறப் பாட்டில் சத்தம் கூடிப்போச்சு என்பது அங்கே தகராறு. எங்கள் மன்னார்குடிப் பக்கம் அந்தத் தகராறுக்கே வழியில்லை. தப்பு என்கிற பறையை அடிக்க ஆரம்பித்தால் எந்த ஆம்ப்ளிஃபயரும் அடங்கிவிடும். இங்கே இடம் தேட வேண்டியது கிடார்தான். பாட்டெழுதி, திருவிழா மேடையில் பாடிப் பிழைக்கிறவன் நான்; நான் செய்கிற வழியைச் சொல்கிறேன்.

பாட்டைத் தேடி வயலுக்குப் போகாதீர்கள். மேட்டூர் திறந்து குறுவை தொடங்கினாலும் பல இடங்களில் இயந்திர நடவு, இல்லாவிட்டால் நேரடி விதைப்பு. பாடத் தெரிந்த அத்தைமார்கள் நூறு நாள் வேலையில், மரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருப்பார்கள். போனதும் போனை நீட்டினால் வாய் திறக்க மாட்டார்கள். வெற்றிலை பாக்கு வாங்கிப் போங்கள், ஊர்க்கதை பேசுங்கள். “அதெல்லாம் மறந்துபோச்சு தம்பி” என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஒருத்தர் முதல் அடியை எடுத்தால் போதும், மற்றவர்கள் பின்பாட்டுக்கு வந்துவிடுவார்கள்.

சொல்லை மட்டும் குறித்துக்கொள்ளாமல் மூச்சு எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். நடவு நடுகிறவர் குனிந்தபடியே பின்னால் நகர்கிறார். ஒரு கை முடிச்சிலிருந்து நாற்றைப் பிரிக்க, மறு கை சேற்றில் ஊன்றுகிறது. அதனால் அடி நீளமாக இருக்காது. பின்பாட்டு ஓடும்போதுதான் முன்பாட்டுக்காரருக்கு மூச்சு வாங்க நேரம். நீங்கள் எழுதிய வரியைக் குனிந்து நின்று பாடிப் பாருங்கள். மூச்சு முட்டினால் வெட்டுங்கள். பின்பாட்டு வரும் இடத்தில் கிடார் சோலோவைத் திணிப்பவர்களை எனக்குப் பிடிக்காது.

தாளம் பெரும்பாலும் ‘தகிட தகிட’ என்று மூன்றாக நடக்கும். தப்பில் வலது கை அடிக்குச்சி குட்டை, தடிமன். இடது கை சிண்டுக்குச்சி நீளம், மெல்லிசு. அடிக்குச்சியின் கனமான அடியோடு பேஸ் கிடாரைச் சேருங்கள். சிண்டு ஓடும் இடத்தில் ஸ்ட்ரம்மிங்கைக் குறைத்துவிடுங்கள், இரண்டும் ஒரே உயரத்தில் சலசலத்தால் பாட்டு காதில் விழாது.

தப்பைச் சுருதி சேர்ப்பது நெருப்பில். வைக்கோலைக் கொளுத்தி, தோலைத் தணலுக்கு மேல் காட்டிச் சுழற்றி, நடுநடுவே விரலால் தட்டிப் பார்ப்பார்கள். ‘டொம்’ என்ற ஓசை ‘டங்’ என்று விறைக்கும்வரை. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் நாலு பாட்டுக்குள் மறுபடி தொய்ந்துவிடும். ஆகவே பாட்டு வரிசையில் காய்ச்சுவதற்கு இடம் விட்டு, அந்த நேரத்தில் கிடார் மட்டும் உள்ள பாட்டை வையுங்கள். ஈர வைக்கோல் புகையும், பற்றாது; காய்ந்ததை ஊரிலிருந்தே சாக்கில் எடுத்துப் போங்கள்.

அப்புறம் கார்ட், அதாவது கிடாரில் சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு. ஒப்பாரி மெட்டுகளில் நாதநாமக்கிரியை ராகத்தின் சாயல் தட்டும். கிடாரின் இ (E) சுரத்தை ஸ-வாக வைத்தால் அந்த ராகத்தின் ரி, எஃப் (F). வழக்கம்போல பி மேஜர் பிடித்தால் அதிலுள்ள எஃப் ஷார்ப் அந்த ரி-யோடு முட்டும். இ மேஜர், எஃப் மேஜர் இரண்டே போதும். சுருதி பாடுகிறவருடையது, கிடார் கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கேப்போவை நீங்கள் நகர்த்துங்கள்.

கடைசியாகக் காசு. மெட்டு ஊருடையது என்றால் ‘மரபு மெட்டு’ என்றே போடுங்கள். பாடிக் காட்டியவரின் பெயரை அவர் சம்மதம் கேட்டுச் சேருங்கள், ஒரு நாள் கூலிக்குக் குறையாமல் கையில் கொடுங்கள். உங்கள் சொந்த வரிகளை, பாட்டெழுதுகிறவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் பதியுங்கள். 2012 பதிப்புரிமைத் திருத்தத்துக்குப் பிறகு, படத்திலோ ஒலிப்பதிவிலோ போன பாட்டுக்கு எழுதியவரின் ராயல்டி பங்கை, அவருடைய வாரிசும் பதிப்புரிமைச் சங்கமும் தவிர வேறு யாராலும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது (படம் தியேட்டரில் ஓடுவதற்கு இது பொருந்தாது). திருவிழாக் கமிட்டி என்றால் அட்வான்ஸ் கைக்கு வராமல் வேனைக் கிளப்பாதீர்கள்.