ஸ்லர்ம் நிறுவியாச்சு, வேலை ஓடுமா? சோதிக்கும் முறை

பல கணினிகளுக்கு வேலைகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஸ்லர்ம் மென்பொருளை நிறுவி, கட்டமைப்புக் கோப்பை எழுதி, சேவைகளையும் ஓடவிட்டாச்சு. சேவைகளின் நிலையைச் சொல்லும் 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளை எல்லாவற்றையும் பச்சையில் காட்டும். சேவை உயிரோடு இருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் பச்சைக்கு அர்த்தம் கிடையாது. பயனர்களுக்குத் திறந்துவிடும் முன் நான் எப்போதும் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் மஞ்ச்

எனக்கு ஒரு முழு நாள் போனது இங்கேதான். தலைமை சர்வரும் நோடுகளும் (வேலைகளை ஓட்டும் கணினிகள்) ஒன்றையொன்று நம்புவது மஞ்ச் என்ற சேவை தரும் சான்றை வைத்துத்தான். அதற்கு எல்லாக் கணினியிலும் ஒரே சாவிக் கோப்பு இருக்க வேண்டும். 'மஞ்ச் -என்' தருவதைப் பைப் வழியாக 'அன்மஞ்ச்'சுக்குக் கொடுத்தால் 'சக்சஸ்' என்று வரும். ஒவ்வொரு நோடிலும் போய்ப் பார்த்தேன், எல்லாவற்றிலும் சக்சஸ். ஆனாலும் இரண்டாவது நோடு மட்டும் சேரவே இல்லை.

பூட்டியதும் திறந்ததும் ஒரே கணினி என்றால் எந்தச் சாவிக்கும் திறக்கத்தான் செய்யும்! தலைமை சர்வரில் மஞ்ச், பைப்புக்கு அந்தப் பக்கம் எஸ்எஸ்எச் வழியே நோடில் அன்மஞ்ச் என்று ஓட்டிப் பாருங்கள். அப்படி ஓட்டியதும்தான் 'இன்வேலிட் கிரெடென்ஷியல்' என்று வந்தது. சாவிக் கோப்பின் செக்சம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், அதாவது கோப்பில் வித்தியாசம் இல்லை. சாவியை நகலெடுத்த பிறகு அந்த நோடில் மஞ்சை ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டிருந்தேன். தொடங்கும்போது படித்த பழைய சாவியையே அது வைத்துக்கொண்டிருந்தது.

'எக்ஸ்பயர்டு' அல்லது 'ரீவவுண்டு' என்று வந்தால் சாவியை விடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். சான்றின் ஆயுள் வழக்கமாக 300 நொடிதான். நேரத்தை ஒத்திசைக்க நான் க்ரோனியைத்தான் போடுவேன். பல நோடுகளில் ஒரே கட்டளையை ஓட்ட பிடிஎஸ்எச் நல்லது, ஃபார் லூப் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

அடுத்து நோடுகள்

'எஸ்கண்ட்ரோல் பிங்' கொடுத்தால் தலைமைச் சேவை 'அப்' என்று வர வேண்டும். பிறகு நோடுகளின் நிலையைக் காட்டும் 'எஸ்இன்ஃபோ'. எல்லா நோடும் 'ஐடில்' (வேலையின்றித் தயார்) என்றால் சரி. நிலைக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் நோடு பதில் சொல்லவில்லை. ஃபயர்வாலில் 6817, 6818 போர்ட்டுகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

'ட்ரெயின்' (புது வேலை எடுக்காத நிலை) என்று வந்தால் 'எஸ்இன்ஃபோ'வுடன் பெரிய ஆர் சேர்த்துக் காரணத்தைக் கேளுங்கள். 'லோ ரியல்மெமரி' அடிக்கடி வரும். 64 ஜிபி நோடு என்று கட்டமைப்புக் கோப்பில் நினைவக அளவை 65536 எம்பி என எழுதியிருப்போம், ஆனால் இயங்குதளத்துக்குத் தெரிவது அதைவிடக் குறைவு. நோடில் 'ஸ்லர்ம்டி'யைப் பெரிய சி சேர்த்து ஓட்டினால் உண்மையான அளவைச் சொல்லும். அதையும் கொஞ்சம் குறைத்தே எழுதுவேன். திருத்திய கோப்பு எல்லா நோடுக்கும் போய், சேவைகளை ரீஸ்டார்ட் செய்த பிறகு, நோடின் நிலையை 'ரெஸ்யூம்' என்று மாற்றுங்கள்.

வேலை அனுப்புதல்

ரூட்டாக (நிர்வாகிப் பயனராக) இருந்து சோதிக்காதீர்கள். ரூட்டின் யூஐடி (பயனர் எண்) எங்கும் 0 என்பதால், பயனர் யூஐடி நோடுக்கு நோடு மாறியிருப்பது தெரியாமலே போய்விடும். சாதாரணப் பயனராக, 2 நோடு கேட்டு 'எஸ்ரன்' மூலம் 'ஹோஸ்ட்நேம்' ஓட்டுங்கள். இரண்டு வெவ்வேறு பெயர்கள் வர வேண்டும்.

பிறகு 'ஸ்லீப் 60' மட்டும் உள்ள ஸ்கிரிப்ட்டை, இருக்கும் கோர்களைவிட அதிக எண்ணிக்கையில் 'எஸ்பேட்ச்' கட்டளையால் வரிசைக்கு அனுப்புங்கள். வரிசை என்று ஒன்று உருவானால்தானே அது நகர்கிறதா என்று தெரியும். வரிசையைக் காட்டும் 'எஸ்க்யூ'வில் சில 'ஆர்' (ஓடுகிறது), மிச்சம் 'பிடி' (காத்திருக்கிறது), காரணம் 'ரிசோர்சஸ்' அல்லது 'பிரயாரிட்டி' என்றால் எல்லாம் ஒழுங்கு. ஒரு நோடில் ஒரே வேலைதான் ஓடுகிறதா? கட்டமைப்புக் கோப்பின் செலக்ட்டைப்பில் 'லீனியர்' இருக்கும். அது முழு நோடையும் ஒரே வேலைக்குக் கொடுத்துவிடும். 'கான்ஸ் ட்ரெஸ்' என்று மாற்றுங்கள்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது: எஸ்பேட்ச் ஓடுகிறது, எஸ்ரன் மட்டும் தொங்குகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். எஸ்ரன் ஓடும் கணினிக்கு நோடுகள் திரும்ப வந்து பேச வேண்டும், அதை ஃபயர்வால் தடுக்கிறது. 'எஸ்ரன் போர்ட் ரேஞ்ச்' அமைப்பில் ஒரு வரம்பு கொடுத்து, அதை மட்டும் திறந்தால் போதும்.

இன்னொருவருக்கு வேலை முடிந்தும் வெளியீட்டுக் கோப்பைக் காணோம். அது தொலையவில்லை. ஹோம் டைரக்டரி பகிரப்படாததால், வேலை ஓடிய நோடின் வட்டிலேயே இருந்தது. டைரக்டரியை எல்லா நோடுக்கும் பகிரும் என்எஃப்எஸ் போட்டதும் சரியாகிவிட்டது.