கடலோரப் பிணக்குகளை ஆங்கிலத்தில் எழுதும் முறை

ராமநாதபுரம் கடற்கரையில் ஆங்கிலத்தில் மனு எழுதும் தேவை அடிக்கடி வருகிறது. விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் இடையிலான தகராறு, மன்னார் வளைகுடாத் தீவுகளில் பாசி எடுக்கும் பெண்களுக்கும் வனத் துறைக்கும் உள்ள முரண், கச்சத்தீவுப் பக்கம் நிகழும் கைதுகள் ஆகியவற்றை எழுத முனையும் சங்கச் செயலாளரோ கல்லூரி மாணவரோ இலக்கணத்தைவிட, எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதில்தான் பெரிதும் தடுமாறுகிறார்.

எழுதுவதற்கு முன் பிணக்கு எந்த அளவில் நிற்கிறது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். மீனவர் குறைதீர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து ஒரு திட்டத்தைப் பற்றித் தம் தயக்கத்தை மட்டும் சொன்னால் 'எக்ஸ்பிரஸ் ரிசர்வேஷன்ஸ்' என்பது போதும். வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தால் 'ரைஸ் அன் அப்ஜெக்‌ஷன்'. இரு தரப்பும் குரலை உயர்த்தினால் 'ஹீட்டட் ஆர்க்யுமென்ட்'. கைகலப்பு மூண்டால் 'எ ஃபைட் புரோக் அவுட்'. கடுமையான வாக்குவாதம் என்று நாம் சொல்வதால் 'ஹெவி ஆர்க்யுமென்ட்' என்று எழுதிவிடக் கூடாது. 'ஹெவி' மழைக்கும் போக்குவரத்துக்கும் உரியது. கருத்து வேறுபாடு கூர்மையானதாக இருந்தால் 'ஷார்ப் டிஸ்அக்ரீமென்ட்' என்றும், மனக்கசப்பு ஊறிப்போன பிணக்கை 'பிட்டர் டிஸ்ப்யூட்' என்றும் எழுதுவதே வழக்கம்.

அளவைக் கூட்டிச் சொன்னால் மனுவுக்கு வலு சேரும் என்ற நம்பிக்கை நம்மிடையே உண்டு. வாய்ச்சண்டையை 'வயலண்ட் கிளாஷ்' என்று எழுதிக் கொடுத்தால், யாருக்குக் காயம், காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானதா என்று அதிகாரி கேட்பார். அதற்குப் பதில் இல்லாதபோது மனுவின் மற்ற வரிகளையும் அவர் ஐயத்தோடுதான் படிப்பார்.

வினைச்சொல்லில் இரண்டு செய்திகளைக் கவனித்தால் போதும். 'ஐ ஆம் நாட் அக்ரீயிங்' என்பதை விட்டு 'ஐ டோன்ட் அக்ரீ' என்றும், அழுத்தம் வேண்டுமானால் 'ஸ்ட்ராங்லி டிஸ்அக்ரீ' என்றும் எழுதுங்கள். அடுத்து, எதிர்த்தரப்பைக் குறிக்க 'வித்' வரும். பிணக்கின் காரணத்தைக் குறிக்க 'ஓவர்' வரும். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. அந்த எல்லை மீறப்பட்டதால் கடலில் மோதல் ஏற்பட்டிருந்தால், 'கன்ட்ரி போட் ஃபிஷர்மென் கிளாஷ்ட் வித் டிராலர் குரூஸ் ஓவர் தி ஃபிஷிங் லிமிட்' என்ற ஒரே வரியில் யார், யாரோடு, எதற்காக என்பது முழுவதும் அடங்கிவிடும்.

நெடுநாளாகத் தீராதிருப்பதை 'லாங்-ஸ்டாண்டிங் டிஸ்ப்யூட்' என்பர். பாக் நீரிணைச் சிக்கலுக்கு இது பொருந்தும். ஆனால் அதைப் 'பார்டர் டிஸ்ப்யூட்' என்று எழுதும்போது நிதானம் தேவை. இந்திய, இலங்கை அரசுகள் 1974, 1976ஆம் ஆண்டு ஒப்பந்தங்களில் கடல் எல்லையை வரையறுத்துவிட்டன. நம் மீனவர்கள் கேட்பது மீன்பிடி உரிமை என்பதால் 'டிஸ்ப்யூட் ஓவர் ஃபிஷிங் ரைட்ஸ்' என்பதே அவர்களுடைய கோரிக்கையைச் சரியாகச் சொல்கிறது.

பேச்சுவார்த்தை நடத்துவது 'ஹோல்ட் டாக்ஸ்'. அது முறிந்தால் 'டாக்ஸ் புரோக் டவுன்'. பிணக்கைத் தீர்ப்பதற்கு 'செட்டில்' அல்லது 'ரிசால்வ்' சேரும். சமரசத்தோடு 'ரீச்' சேர்ந்து 'ரீச் எ காம்ப்ரமைஸ்' என வரும். இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட பிறகே அதை எழுத வேண்டும். 'அக்ரீ டு டிஸ்அக்ரீ' என்ற தொடர் நாகரிகமாக ஒலிப்பதால் பலர் அதை எங்கும் பயன்படுத்துகிறார்கள். இருவரும் மனமொப்பி விவாதத்தை நிறுத்திக்கொள்ளும் இடத்துக்கு மட்டுமே அது உரியது. வலை அறுந்தவர் இன்னமும் இழப்பீடு கேட்டுக்கொண்டிருந்தால், 'தி டிஸ்ப்யூட் ரிமைன்ஸ் அன்ரிசால்வ்ட்' என்று எழுதுங்கள்.