‘ஸ்டடியில் சேர்கிறீர்களா?’ என்று டாக்டர் கேட்டால்: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போட்டு, டாக்டரைப் பார்த்துவிட்டு, மருந்து வாங்கும் ஜன்னலுக்கு நடக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: “அம்மா, ஒரு ஸ்டடி பண்றோம். சேர்றீங்களா?” கையில் நாலைந்து பக்கம் கொடுப்பார்கள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கும். வடசென்னையில் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி ஆட்களுக்கு இது அடிக்கடி நடப்பதுதான். பெரும்பாலானவர்கள் ‘டாக்டர் கேட்கிறார், முடியாது என்றால் சரியாகப் பார்ப்பாரோ’ என்ற தயக்கத்தில் கையெழுத்து போட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் ‘நம்மை எலி மாதிரி சோதிக்கிறார்கள்’ என்று பயந்து போய்விடுகிறார்கள். கையில் இருக்கும் தாளைப் படிக்கத் தெரிந்துகொண்டால் இந்த இரண்டுக்கும் அவசியம் வராது.

முதலில் ஒரு சொல் குழப்பம். ‘மருத்துவப் பரிசோதனை’ என்றால் தமிழில் ரத்தம் எடுத்துப் பார்ப்பதும் அதுதான், ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பதும் அதுதான். “டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டாங்க” என்று வீட்டில் சொல்லிவிட்டு ஆறு மாத ஆய்வில் சேர்ந்திருப்பவர்கள் உண்டு. அதனால் ஆஸ்பத்திரியில் புழங்கும் ‘ஸ்டடி’ என்ற சொல்லையே இங்கேயும் வைத்துக்கொள்வோம்.

ஸ்பான்சர் என்றால் யார்?

ஸ்பான்சர் என்றதும் திருவிழா பேனரில் பணம் கொடுத்தவர் பெயர்தான் ஞாபகத்துக்கு வரும். மருந்து ஸ்டடியில் அர்த்தம் வேறு. ஸ்டடியைத் தொடங்கி, நடத்தி, அதற்குப் பொறுப்பேற்பவர்தான் ஸ்பான்சர். பணம் வேறு இடத்திலிருந்து வரலாம். மருந்து கம்பெனி ஸ்பான்சர் என்றால், புது மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவருவது நோக்கமாக இருக்கும். பல்கலைக்கழகமோ மருத்துவக் கல்லூரியோ ஸ்பான்சர் என்றால், பெரும்பாலும் ஏற்கெனவே கடையில் விற்கும் மருந்தைத்தான் கையில் எடுப்பார்கள். வேறு நோய்க்கு அது உதவுமா, குறைந்த அளவு போதுமா, ஊசிக்குப் பதில் மாத்திரை போதுமா என்பது மாதிரியான கேள்விகள் அதில் இருக்கும்.

கம்பெனி ஸ்பான்சர் இல்லாத ஸ்டடிக்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையைக் காசநோய் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் சளியிலிருந்து கிருமி சீக்கிரம் போகுமா என்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் பார்த்தது. சீக்கிரம் போகவில்லை. ஆனால் உடம்பில் அழற்சி குறைந்ததைக் கண்டார்கள். ‘பலன் இல்லை’ என்று வரும் விடையும் ஸ்டடிக்கு ஒரு விடைதான். சேரும்போதே இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: புது மருந்து பழையதைவிட நல்லது என்று முன்பே தெரிந்திருந்தால் ஸ்டடியே தேவைப்பட்டிருக்காது.

அந்த நிறுவனம் 1956-ல் தொடங்கியபோது பார்த்த முதல் கேள்வி இன்னும் நெருக்கமானது. காசநோய்க்காரரை சானடோரியத்தில் (தனிக் காசநோய் ஆஸ்பத்திரியில்) படுக்க வைக்க வேண்டுமா, வீட்டிலேயே மருந்து சாப்பிட்டால் போதுமா? நெரிசலான வீடுகளில் இருந்த ஏழை நோயாளிகளைச் சீட்டுப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குணமானது. வீட்டில் உடனிருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959-ல் முடிவு வெளியானது. இன்று உலகெங்கும் காசநோய்க்காரர்கள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அனுமதி யார் கொடுத்தது?

2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருந்து ஆய்வு விதிகள்தான் இப்போது நடைமுறையில் உள்ளன. புது மருந்து என்றால் டெல்லியில் உள்ள மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை வேறு நோய்க்கோ, வேறு அளவிலோ, வேறு வழியிலோ கொடுத்துப் பார்த்து, முடிவைப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் அது ‘அகாடமிக்’ ஸ்டடி. அதற்கு டெல்லி அனுமதி தேவையில்லை. ஸ்டடி நோயாளிகளுக்கு நியாயமானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு (எத்திக்ஸ் கமிட்டி) ஒப்புதல் தந்தால் போதும். ஆகவே “டெல்லி பர்மிஷன் இருக்கா?” என்று கேட்டு ‘இல்லை’ என்று பதில் வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டாம். “எத்திக்ஸ் கமிட்டி கடிதம் இருக்கா, எந்தத் தேதி?” என்று கேளுங்கள். அதற்கும் இல்லை என்றால் எழுந்து வந்துவிடலாம்.

அந்தக் குழுவில் குறைந்தது 7 பேர். பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். தலைவர் வெளியாள். வக்கீல், பெண் உறுப்பினர், மருத்துவம் படிக்காத சாதாரண ஆள் ஒருவர் கட்டாயம்.

அடுத்தது சி.டி.ஆர்.ஐ. பதிவு. இந்தியாவில் நடக்கும் மருந்து ஸ்டடிகளைப் பதிவு செய்யும் இணையதளம் இது. 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். 2018 ஏப்ரல் முதல், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். தளம் ஆங்கிலத்தில் இருக்கும், வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் பத்து நிமிட வேலை. தாளில் உள்ள பதிவு எண்ணைத் தேடல் பெட்டியில் போடுங்கள். எண்ணிலேயே பதிவான ஆண்டும் மாதமும் இருக்கும். திறக்கும் பக்கத்தில் நாலு வரிகளைப் பார்த்தால் போதும்: ‘பிரைமரி ஸ்பான்சர்’ யார், ‘மானிட்டரி சப்போர்ட்’ (பண உதவி) எங்கிருந்து வருகிறது, நெறிமுறைக் குழு ஒப்புதல் நிலை என்ன, ‘போஸ்ட் கிராஜுவேட் தீசிஸ்’ என்பதற்கு ‘யெஸ்’ போட்டிருக்கிறதா.

கடைசி வரி ஏன் என்றால், எம்.டி., எம்.எஸ். படிக்கும் டாக்டர்கள் ஒரு ஆய்வேடு (தீசிஸ்) சமர்ப்பித்தாக வேண்டும். வடசென்னை ஆஸ்பத்திரிகளில் உங்களைக் கேட்கும் இளம் டாக்டர் அப்படிப்பட்ட பி.ஜி. மாணவராக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் தவறொன்றும் இல்லை. படிப்பு 3 வருடம். முடிந்ததும் அவர் ஊர் மாறிப் போய்விடுவார். தாளில் அவருடைய செல்போன் நம்பர் மட்டும் இருந்தால், பின்னால் பிரச்சினை வரும்போது யாரைத் தேடுவீர்கள்? அவருடைய கைடு, அதாவது பேராசிரியர் பெயரையும் துறையின் நம்பரையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

தாளை எப்படிப் படிப்பது

தகவல் தாள் ஒன்று, ஒப்புதல் படிவம் ஒன்று. இரண்டும் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலத் தாளை நீட்டி வாயால் மொழிபெயர்த்துச் சொன்னால் போதாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் பொடி எழுத்தில் இருக்கும். அது நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட பதிப்புதானா என்று கேளுங்கள். நடுவில் மாற்றம் வந்து, பழைய கட்டுத் தாள் டேபிளில் தங்கிவிடுவது அடிக்கடி நடக்கும் பிசகு.

தகவல் தாளில் மூன்று இடத்தில் விரலை வைத்து நிறுத்துங்கள். ஸ்டடியில் சேராவிட்டால் எனக்கு என்ன வைத்தியம் கிடைக்கும்? எத்தனை தடவை வர வேண்டும், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ரத்தம்? (5 மில்லி என்றால் ஒரு டீஸ்பூன்.) ஏதாவது ஆனால் யார் செலவு? மூன்றுக்கும் நேரான பதில் இல்லாத தாள் அரைகுறைத் தாள்.

ஒப்புதல் படிவத்தின் வலது ஓரத்தில் வழக்கமாக 5 சின்னக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் உங்கள் இனிஷியல் போட வேண்டும். ‘எல்லாத்துலயும் ஒரு டிக் போடுங்க’ என்பார்கள். அவசரப்படாதீர்கள். முதல் கட்டம், படித்தேன், கேள்வி கேட்க வாய்ப்பு கிடைத்தது என்பது. இரண்டாவது, விருப்பப்பட்டே சேர்கிறேன், எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகினாலும் என் வைத்தியம் பாதிக்காது என்பது. மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது: ஸ்பான்சரின் ஆட்கள், நெறிமுறைக் குழு, அரசு அதிகாரிகள் உங்கள் மருத்துவ ரெக்கார்டுகளைப் பார்ப்பதற்கு இனி உங்களிடம் தனியாக அனுமதி கேட்கமாட்டார்கள், நீங்கள் விலகிய பிறகும். வெளியிடும்போது பெயர் வராது. எச்.ஐ.வி., மனநலம் மாதிரி வெளியில் தெரியக்கூடாத விஷயம் உங்கள் ஃபைலில் இருந்தால், யார் யார் பார்ப்பார்கள் என்று இங்கேயே கேட்டுவிடுங்கள். நாலாவது, முடிவுகளை அறிவியலுக்குப் பயன்படுத்தலாம் என்பது. ஐந்தாவது, சேர்கிறேன். மிச்ச ரத்தத்தை எதிர்கால ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்வது தனிக் கேள்வி. அதற்கு ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டும் ஸ்டடியில் சேரலாமா என்று கேளுங்கள்.

கையெழுத்தும் தேதியும் உங்கள் கையால் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் கைநாட்டு. பக்கத்தில் முழுதும் உடனிருந்து கேட்ட சாட்சி ஒருவர் கையெழுத்திட வேண்டும், அவர் ஸ்டடி ஆளாக இருக்கக் கூடாது. சுயநினைவோடு இருக்கும் மனைவிக்காகக் கணவன் கையெழுத்து போட்டால் செல்லாது. இந்தத் தப்பைப் பிரசவ வார்டு வாசலில் அதிகம் பார்க்கலாம். குழந்தை என்றால் பெற்றவர்கள் கையெழுத்திடுவார்கள். 7 வயதுக்கு மேல் குழந்தையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும். படிவத்தில் வாரிசு பெயர் கேட்கும் இடத்தைக் காலியாக விடாதீர்கள்.

தாளில் உள்ள நம்பர்களுக்கு அங்கேயே உட்கார்ந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பாருங்கள். நெறிமுறைக் குழுச் செயலாளர் நம்பர் பெரும்பாலும் ஆபீஸ் லேண்ட்லைன், மாலையில் எடுக்க ஆளிருக்காது. ராத்திரி நெஞ்சு அடைத்தால் யாரைக் கூப்பிடுவது என்பதற்கு ஒரு செல் நம்பர் வாங்குங்கள். தகவல் தாளின் பிரதியும் கையெழுத்திட்ட படிவத்தின் பிரதியும் உங்களுக்குத் தர வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

சேர்ந்த பிறகு எங்கே சறுக்கும்

“இன்னா டாக்டர், எனக்கு நல்ல மாத்திரையா போடு” என்று கேட்டால் டாக்டரால் முடியாது. யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழையது என்பதைக் கம்ப்யூட்டர் போட்ட வரிசையோ ஒட்டிய கவரோதான் தீர்மானிக்கும். டாக்டர் கையில் விட்டால் அவர் தன்னை அறியாமலே தெம்பாக இருப்பவருக்குப் புது மருந்தைக் கொடுத்துவிடுவார். பிறகு மருந்தால் தேறினாரா, தெம்பால் தேறினாரா என்று தெரியாது. சில ஸ்டடியில் எந்த மாத்திரை என்று டாக்டருக்கும் தெரியாது. அவசரத்தில் பிரித்துப் பார்க்க வழி வைத்திருப்பார்கள்.

வருகைத் தேதிக்கு முன்னும் பின்னும் சில நாட்கள்தான் சலுகை. காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் சேருவது சுலபம், அடுத்த வருகை ஜூலையில் விழுந்தால் ஆள் கடலில் இருப்பார். சேரும் முன்பே முழு வருகை அட்டவணையை வாங்கி, கடலுக்குப் போகும் நாட்களோடு ஒட்டிப் பாருங்கள். ஒத்துவராது என்றால் சேராமல் இருப்பதே மேல். நடுவில் ஆட்கள் காணாமல் போனால் ஸ்டடியின் விடையை நம்புவது கஷ்டமாகிவிடும்.

காலி மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். எண்ணிப் பார்ப்பதற்குத்தான் அதைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். நாலு நாள் விட்டுப்போனால் ‘விட்டுப்போச்சு’ என்று சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக்கு வரும் நாள் காலையில் எல்லாவற்றையும் சேர்த்து விழுங்க வேண்டாம். கஷாயம், சூரணம், மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். திட்டு விழும் என்று மறைத்தால், கல்லீரல் டெஸ்ட்டில் எண்ணிக்கை ஏறும்போது ஸ்டடி மருந்தின் மேல் பழி விழும், இல்லையென்றால் உண்மையான காரணம் தப்பிவிடும்.

எந்தக் காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனாலும், ஆட்டோ மோதிக் கால் முறிந்தாலும்கூட, ஸ்டடி ஆட்களுக்கு உடனே போன் செய்யுங்கள். அது ‘தீவிர பாதிப்பு’ கணக்கில் வரும், 24 மணி நேரத்துக்குள் டாக்டர் அறிக்கை கொடுக்க வேண்டும்.

செலவும் இழப்பீடும்

ஸ்டடிக்காகக் கூடுதலாக எடுக்கும் டெஸ்ட், ஸ்கேன், மருந்து எதற்கும் உங்களிடம் காசு கேட்கக் கூடாது. பஸ் காசும் அன்றைய கூலியும் தருவார்களா என்பது தகவல் தாளில் இருக்கும். ஸ்டடியின்போது உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவச சிகிச்சை உண்டு. தேவைப்படும் வரையோ, ஸ்டடியால் வந்ததில்லை என்று உறுதியாகும் வரையோ, எது முந்தியதோ அதுவரை அது தொடர வேண்டும்.

2019 விதிகளில், ஸ்டடியால் உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீட்டுக்குச் சூத்திரம் இருக்கிறது. 8 லட்சத்தை வயதுக்கான எண்ணாலும் நோயின் ஆபத்து எண்ணாலும் பெருக்கி 99.37-ஆல் வகுக்க வேண்டும். 40 வயதுக்காரருக்கு வயது எண் 184.17. நடுத்தர ஆபத்து என்றால் ஆபத்து எண் 2. கணக்குப் போட்டால் சுமார் 29.65 லட்சம் வரும். அதே வயதில் முழு ஆரோக்கியமானவருக்கு ஆபத்து எண் 4, தொகை இருமடங்கு.

மாணவர் ஆய்விலும் கல்லூரியே நடத்தும் ஆய்விலும் அந்த நிறுவனமே ஸ்பான்சர் ஆகிறது. இழப்பீடோ காப்பீடோ அதன் பொறுப்பு, தொகையை நெறிமுறைக் குழு முடிவு செய்யும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. கம்பெனி ஸ்டடியில் காப்பீட்டுப் பத்திரம் தயாராக இருக்கும். கல்லூரி ஸ்டடியில் ‘அரசு ஆஸ்பத்திரிதானே, இலவசமாப் பார்த்துக்குவோம்’ என்ற வாய்வார்த்தையோடு நின்றுவிடலாம். இலவச சிகிச்சை வேறு, இழப்பீடு வேறு. “இதுக்குத் தனியா ஃபண்ட் இருக்கா, இன்சூரன்ஸா?” என்று கேட்டு, பதில் தாளில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

விலக நினைத்தால் போனில் சொன்னாலே போதும். ஆனால் ஸ்டீராய்டு மாதிரி சில மருந்துகளைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. எப்படிக் குறைப்பது என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். மிச்ச மாத்திரையைத் திருப்பிக் கொடுங்கள். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும் தெரு என்றால், தாள்களை போட்டோ எடுத்து இரண்டு பேர் போனில் வைத்துவிட்டு, அசலை ஜிப் கவரில் போட்டுப் பரண் மேல் வையுங்கள்.