கடலோரத்தில் ஷீட் கூரை போடுவதற்கு முன்

வேதாரண்யம் பக்கம் வீடு கட்ட வருகிறவர்கள் சுவர் எத்தனை அங்குலம் என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் கூரையில் தொடங்குவேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, சுவர் அப்படியே நிற்கக் கூரை மட்டும் பறந்துபோன வீடுகள் இங்கே ஏராளம். புயல்காற்று கூரையை மேலே உறிஞ்சி இழுக்கும். வேகம் இரு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும்.

அதனால் சுவர் உச்சியில் நான்கு புறமும் கான்கிரீட் பெல்ட் ஓட்டுங்கள். கைமரமோ இரும்புச் சட்டமோ உட்காரும் இடங்களில் கான்கிரீட் ஊற்றும்போதே போல்ட்டைப் புதைத்துவிட வேண்டும். "பிறகு துளை போட்டுக்கொள்ளலாம்" என்று கொத்தனார் சொன்னால் வேலையை நிறுத்துங்கள்.

அடுத்தது ஷீட். அதைச் சட்டத்தோடு பிடிக்க எல்லாரும் வாங்குவது ஜே போல்ட். கொக்கி போன்ற அதன் வளைவு பலமான இழுப்பில் நிமிர்ந்து கழன்றுவிடும். சட்டத்தைச் சுற்றிப் பிடிக்கும் யூ போல்ட் சில ரூபாய் கூடுதல், அவ்வளவுதான். வாஷர் அகலமாக இருக்கட்டும். சின்ன வாஷர் போட்டால் போல்ட் அசையாது, ஷீட் கிழிந்துகொண்டு போய்விடும். முகடு, மூலை, இறவாரம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) ஆகிய இடங்களில் இழுப்பு அதிகம். அங்கே போல்ட்டுகளை நெருக்கிப் போடுங்கள். சரிவு 22 முதல் 30 டிகிரிக்குள் இருப்பது நல்லது. தட்டையான கூரைதான் சீக்கிரம் கிளம்பும். நாற்புறமும் சரியும் கூரை இன்னும் மேல்.

இறவாரத்தை ஒன்றரை அடிக்கு மேல் நீட்டாதீர்கள். திண்ணைக் கூரையைத் தனியாகப் போடுங்கள். அது போனாலும் வீட்டுக் கூரையை இழுத்துக்கொண்டு போகாது. புயலில் ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று ஊடே போய்விடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். உள்ளே புகுந்த காற்று கீழிருந்து கூரையைத் தள்ளும். கதவுகளுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் வையுங்கள்.

வெள்ளத்துக்கு, ஊர்ப் பெரியவர்களிடம் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டு, அதற்கு மேல் இரண்டடி உயரத்தில் பேஸ்மட்டத்தை முடியுங்கள். அதன் உள்ளே கிராவலை அடுக்கடுக்காகக் கொட்டி, நீர் விட்டு இடிக்க வேண்டும். சுவிட்சுப் பெட்டி மார்பளவுக்கு மேல் இருக்கட்டும். கடல் மணல் வேண்டவே வேண்டாம்; உப்பு கம்பியைத் தின்றுவிடும்.

உப்புக்காற்றில் நட்டும் துருப்பிடிக்கும். ஆண்டுதோறும் புரட்டாசியில் ஆளை ஏற்றி எல்லா நட்டையும் முடுக்கிவிடுங்கள், துருவேறியதை மாற்றுங்கள்.