மதுரையிலிருந்து ஆறு, கடற்கரை ஆய்வுக்குப் போவது எப்படி?

முதலில் ஒன்று: புவியியல் (ஜியாகிரபி) வேறு, மண், பாறைகளைப் படிக்கும் நிலவியல் (ஜியாலஜி) வேறு, அதனால் பிளஸ் டூவில் அறிவியல் முடித்துக் கல்லூரி தேடும்போது ஜியாலஜி என்றே கேளுங்கள். பி.எஸ்சி.க்குப் பிறகு ஐஐடியில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு, அப்புறம் அரசு நிலவியலாளர் வேலைக்கு யுபிஎஸ்சி நடத்தும் தேர்வு.

சரி, அதுவரை சோழவந்தான் பக்கம் வைகைக் கரை அறுந்து நிற்கும் இடத்தில் அடுக்குகளைப் பாருங்கள். பருமணல் என்றால் வெள்ளம் வேகமாக வந்திருக்கிறது. விரலில் மாவாக ஒட்டும் வண்டல் என்றால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. பழைய மழைக்காலங்களின் கணக்கு இங்கேதான் இருக்கிறது. அந்த மணல் கடைசியாக வெயிலைப் பார்த்தது எப்போது என்று ஆய்வகத்தில் கண்டுபிடிக்கலாம், அதற்காகத்தான் வெளிச்சம் படாமல் குழாயை அடித்து மாதிரி எடுக்கிறார்கள்.

வரைபடம் வரைய உதவும் க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற கணினி மென்பொருள் இலவசம். அதில், வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊரின் பழைய, புதிய செயற்கைக்கோள் படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கடற்கரை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று வரைந்து பழகுங்கள்.