அக்கா மகளுக்கு ஒரு முதல் கேமரா

பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. கல்யாணம், சடங்கு வீடு, பாஸ்போர்ட் சைஸ், பள்ளிக்கூட குரூப் போட்டோ எல்லாம் எடுத்தாகிவிட்டது. இத்தனை வருடமும் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "புதுசாப் பழகுறதுக்கு எந்த கேமரா வாங்கலாம்?"

முன்பெல்லாம் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே பதில் சொல்லிவிடுவேன். நிக்கான் டி3300, இல்லையென்றால் கேனான் 1300டி. கூடவே வரும் 18-55 கிட் லென்ஸ் போதும், போய் வா. எந்தக் கடையிலும் கிடைக்கும், அப்பாமார் போனஸ் பணத்துக்குள் அடங்கும்.

போன ஜூனில் அக்கா மகள் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முதல் வருடம் சேர்ந்தாள். "மாமா, முப்பதாயிரம் ரூவா இருக்கு. என்ன வாங்க?" என்றாள். வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. நான் சொல்லிப் பழகிய கேமரா எதுவும் இன்று தயாரிப்பில் இல்லை. "கொஞ்சம் பொறு தாயி" என்று சொல்லி இரண்டு வாரம் அலைந்து ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில், அந்தச் சின்ன கேமரா எங்கே போயிற்று? ஜப்பான் கேமரா தயாரிப்பாளர் சங்கமான சிஐபிஏ கணக்குப்படி 2010-இல் உலகம் முழுக்க அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. 2023-இல் அது 80 லட்சத்துக்கும் கீழே. பர்த்டே பார்ட்டிக்கு எடுத்துப்போகும் காம்பாக்ட் கேமராவைத்தான் செல்போன் முதலில் விழுங்கியது. பிறகு அதற்கு மேல்படியில் இருந்த சின்ன டிஎஸ்எல்ஆரையும் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸைக் கழற்றி மாட்டும் கேமரா) கடித்தது. விற்கிற எண்ணிக்கை குறைந்தால், ஒரு கேமராவில் கிடைக்கும் லாபம் கூட வேண்டுமல்லவா? கம்பெனிகள் அந்தக் கண்ணாடி இல்லாத, விலை உயர்ந்த மிரர்லெஸ் பக்கம் நகர்ந்துவிட்டன. நிக்கானும் கேனானும் 2020-க்குப் பிறகு புதிதாக ஒரு டிஎஸ்எல்ஆர் மாடல்கூடக் கொண்டுவரவில்லை. 2018-இல் வந்த நிக்கான் டி3500-தான் அந்த டி3000 வரிசையில் கடைசி, அதையும் நிறுத்தியாயிற்று. கேனானின் 1500டி மட்டும் அங்கங்கே கடைக் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் 2018 சரக்குதான்.

நாங்கள் விசாரித்த இரண்டு கடையிலும் லென்ஸோடு சேர்த்து முப்பதாயிரத்துக்குள் புது கேமரா இல்லை. "இன்னும் கொஞ்சம் சேத்துட்டு வாங்க சார்" என்றார்கள்.

சேர்க்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. போனில் தொடங்கலாம். நான் போனைக் கேலி செய்கிற ஆள் இல்லை. ஆனால் வெறுமனே தட்டிக்கொண்டிருந்தால் எதுவும் வராது. புரோ மோடைத் திறந்து ஷட்டர் வேகத்தையும் (எத்தனை நொடி திறந்து மூடுகிறது) ஐஎஸ்ஓவையும் (வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிப் பதிகிறது) கையால் மாற்றிப் பார்க்க வேண்டும். அதே இடம், அதே வெளிச்சம்; ஷட்டரை 1/500-இல் வைத்து ஒன்று, 1/30-இல் வைத்து ஒன்று. கட்டக்கோடுகளைத் திரையில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு விரலால் ஜூம் செய்வதை மட்டும் மறந்துவிடுங்கள், நடந்து கிட்டே போங்கள். போனில் கற்க முடியாத பாடம் ஒன்றுதான்: அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவு. பெரும்பாலான போன்களில் லென்ஸின் துவாரம் மாறாது. பின்னால் மங்கலாகத் தெரிவது கணக்குப் போட்டுச் செய்த மங்கல், அது அடிக்கடி காதோரத்து முடியையும் சேர்த்து அழித்துவிடும். போனின் இன்னொரு குறை, படத்தைப் பதியும் சென்சாரின் அளவு. நல்ல விலையுள்ள போனின் பெரிய சென்சாரைவிட சாதாரண டிஎஸ்எல்ஆரின் சென்சார் பரப்பில் ஏறக்குறைய ஐந்து மடங்கு. சாயங்காலம் ஆறரை மணிக்குக் குறுக்குத்துறைப் படித்துறையில் நின்றால் அந்த வித்தியாசம் தெரியும்.

மூன்று வாரம் போனில் எடுத்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் கேமராவுக்குப் போகலாம். இவளுக்குக் குறையவில்லை.

இனி என் யோசனை. புதிய கேமராக்களில் ஆகக் குறைந்ததைத் தேடாதீர்கள். பத்து வருடத்துக்கு முந்தைய நடுத்தர கேமராவைப் பழையதாக வாங்குங்கள். ஊரில் கல்யாணம் எடுக்கிற பையன்கள் எல்லாம் மிரர்லெஸுக்கு மாறிவிட்டார்கள். அவர்களுடைய நிக்கான் டி7100, டி7200 எல்லாம் பீரோவில் தூங்குகின்றன. எவ்வளவு கிடைத்தாலும் தள்ளிவிடத் தயாராக இருக்கிறார்கள்.

டி7100 வந்தது 2013-இல். 24 மெகாபிக்சல். அன்றைய டி3300-லும் அதே 24 மெகாபிக்சல்தான், அப்படியிருக்க ஏன் இது என்று கேட்கலாம். இரண்டு காரணம். ஒன்று, இதில் திருகு சக்கரம் இரண்டு: கட்டைவிரலுக்கு ஷட்டர், ஆள்காட்டி விரலுக்கு அப்பர்ச்சர். டி3300-இல் ஒரே சக்கரம். இன்னொரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதையே திருக வேண்டும். பழகுகிறவருக்கு இது பெரிய தொந்தரவு. இரண்டு, கேமரா பாடிக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருக்கிறது. டி3000, டி5000 வரிசையில் அது கிடையாது. அதனால் தனக்கென்று மோட்டார் இல்லாத பழைய 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸ் (எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது) அந்தக் கேமராக்களில் தானாக ஃபோகஸ் ஆகாது, வாங்கவும் அதிகம் பேர் வருவதில்லை, விலையும் இறங்கிக் கிடக்கிறது. நமக்கு அதுதான் வேண்டும்.

பாடி 17,500, லென்ஸ் 5,000. எங்களுக்குப் படிந்த விலை இது. மிச்சத்தில் பேட்டரி, கார்டு, பை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இது முக்கால் கிலோ கனம். இந்தச் சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. போலக் கொஞ்சம் கிட்டே இழுத்துக் காட்டும், சின்ன அறையில் சுவரில் முதுகு ஒட்டும்வரை பின்னால் போக வேண்டும். நாளைக்கு நிக்கான் மிரர்லெஸ் வாங்கி அடாப்டரில் மாட்டினால் இந்த லென்ஸுக்கு ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. ஐயாயிரம் ரூபாய் லென்ஸ்தானே என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கையில் இன்னும் கொஞ்சம் காசு இருந்தால் 35 மி.மீ. எஃப் 1.8ஜி வாங்குங்கள், வீட்டுக்குள் எடுக்க அது வசதி.

சரி, பழைய கேமராவைப் பார்த்து வாங்குவது எப்படி? இங்கேதான் நான் ஒரு தடவை சூடு பட்டவன். பல வருடம் முன்பு ஒருவரிடம் 70-300 லென்ஸ் ஒன்று சாயங்கால வெளிச்சத்தில் பார்த்து வாங்கினேன். வீட்டில் வந்து டார்ச் அடித்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ் என்கிற பூஞ்சை. அன்றிலிருந்து பகலில்தான் போவது. பையில் என் சொந்த எஸ்டி கார்டு, டார்ச், லேப்டாப் மூன்றும் இருக்கும்.

லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். பழைய டி வகை லென்ஸில் அப்பர்ச்சர் இலைகளை ஒரு சின்ன நெம்புகோலால் திறந்து பிடிக்கலாம். அங்கங்கே தூசி இருந்தால் பரவாயில்லை. நூல் நூலாக, கிளை விட்டது போல இருந்தால் அது ஃபங்கஸ். எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். இலைகளில் எண்ணெய்ப் பசை மினுங்கினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து ஷட்டர் எண்ணிக்கை, அதாவது கேமரா இதுவரை எத்தனை கிளிக் அடித்திருக்கிறது என்ற கணக்கு. நிக்கானில் இது ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிவாகிறது. உங்கள் கார்டில் ஒரு படம் எடுத்து, லேப்டாப்பில் எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள், அதில் வந்தால் இந்த விவரம் போய்விடும். கேனானில் பெரும்பாலும் படத்தில் இருக்காது. யுஎஸ்பி வயரில் இணைத்து அதற்கான மென்பொருளில் பார்க்க வேண்டும். டி7100 ஷட்டரை 1,50,000 தடவை அடித்துச் சோதித்திருப்பதாக நிக்கான் சொல்கிறது. அது காலாவதித் தேதி இல்லை, இரண்டு லட்சம் தாண்டி ஓடுகிற கேமராவையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கிளிக் போகும் என்பதை மனதில் வையுங்கள். நாங்கள் முதலில் பார்த்த பாடிக்கு உடையவர் "வீட்டு யூஸ்தான் சார், குழந்தைய மட்டும் எடுத்தது" என்றார். எண்ணிக்கை 1,83,000. குழந்தை நன்றாக வளர்ந்திருக்கும்.

சென்சாருக்கு ஒரு சோதனை: அப்பர்ச்சரை எஃப் 22-இல் வைத்து, ஃபோகஸைக் கையால் கலைத்துவிட்டு, வெறும் வானத்தை எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் தூசி சாம்பல் புள்ளியாகத் தெரியும். அதைத் துடைத்துவிடலாம். கோடாகத் தெரிந்தால் கீறலாக இருக்கும், அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் தினசரிப் பேப்பரை மேஜையில் விரித்து, சரிவாக நின்று, எஃப் 1.8-இல் நடு வரியில் ஃபோகஸ் வைத்து எடுங்கள். நீங்கள் குறித்த வரியை விட்டு முன்னாலோ பின்னாலோ உள்ள வரி தெளிவாக வந்தால் ஃபோகஸ் தள்ளுகிறது என்று அர்த்தம். டி7100-இல் மெனுவிலேயே அதைக் கொஞ்சம் திருத்தலாம். டி3000 வரிசையில் அந்த வசதி இல்லை.

பலர் பார்க்காத ஒன்று: டி7000 வரிசை மெனுவில் பேட்டரி விவரம் என்று ஒரு பகுதி உண்டு. பேட்டரி எவ்வளவு கிழடு என்று 0 முதல் 4 வரை காட்டும். 3, 4 என்று இருந்தால் புதுப் பேட்டரி காசைக் கழித்துக் கேளுங்கள். ஃப்ளாஷ் மாட்டுகிற இடம் ஆடுகிறதா, ரப்பர் பிடி உரிந்திருக்கிறதா, இரண்டு கார்டு அறையும் எழுதுகிறதா என்று பாருங்கள். பில் கேளுங்கள், அதில் உள்ள நம்பரும் பாடிக்கு அடியில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். திருட்டுக் கேமரா வாங்கிப் பிறகு காவல் நிலையப் படியேற யாருக்கு நேரம் இருக்கிறது?

வீடியோதான் முக்கியம் என்பவர்களுக்கு இந்த யோசனை பொருந்தாது. அவர்கள் பழைய கேனான் 200டி பார்க்கலாம். 2017 மாடல், அரைக் கிலோவுக்கும் குறைவு, திரை வெளியே திரும்பும், வீடியோவில் முகத்தை விடாமல் பிடிக்கும். புதிதுதான் வேண்டும், காசும் இருக்கிறது என்றால் கேனான் ஆர்100-ஐத் தாண்டி ஆர்50-க்குப் போங்கள். ஆர்100-இல் திரையைத் தொட்டு ஃபோகஸ் வைக்க முடியாது. போனில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது கை உடைந்த மாதிரி. நிக்கான் இசட்30, சோனி இசட்வி-இ10 இரண்டிலும் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. எங்கள் ஊர் பதினொரு மணி வெயிலில் திரையில் என்ன தெரியும், உங்கள் முகம்தான் தெரியும். கேனான் எம்50 மலிவாக வருகிறது என்று சொல்வார்கள். அந்த எம் வரிசையையே கேனான் மூடிவிட்டது. இருக்கிற லென்ஸோடு திருப்திப்படுபவர்கள் மட்டும் வாங்கலாம்.

இவளுடைய ஹாஸ்டல் தோழிகள் தாத்தா வீட்டு பீரோவிலிருந்து 2007, 2008 காலத்துச் சின்ன டிஜிட்டல் கேமராவைத் தேடி எடுத்துக்கொண்டு திரிகிறார்கள். அந்த நிறம் பிடித்திருக்கிறதாம். பிடித்தால் எடுக்கட்டும், எனக்கொன்றும் ஆட்சேபம் இல்லை. கார்டு அறையை மட்டும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்டி கார்டு, மெமரி ஸ்டிக் என்றால் கார்டு தேடியே கால் தேயும். ரொம்பப் பழையவற்றில் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டு வேலை செய்யாது.

வாங்கியாயிற்று. முதல் மாதம் என்ன செய்வது? ஆட்டோ மோடைத் தொடாதே என்று சொன்னேன். முதல் வாரம் ஏ மோடு: அப்பர்ச்சர் நம் கையில், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஜன்னலோரம் பாட்டியை உட்காரவைத்து எஃப் 1.8, எஃப் 4, எஃப் 8 என்று மூன்று படம். பின்சுவர் காலண்டரில் தேதி எந்தப் படத்தில் படிக்க முடிகிறது என்று பார். இரண்டாம் வாரம் எஸ் மோடு: ஷட்டர் நம் கையில். வண்ணார்பேட்டையில் ஓரமாக நின்று டவுன் பஸ்ஸோடு சேர்ந்து கேமராவைத் திருப்பி 1/30-இல் எடு. ஐம்பது எடுத்தால் இரண்டு தேறும், தேறாததையும் அழிக்காதே. மூன்றாம் வாரம் இரண்டும் நம் கையில் இருக்கும் எம் மோடு, காலை இட்லிச் சட்டி ஆவி, பின்னாலிருந்து வெளிச்சம். ரா ஃபைலாகவே (சென்சார் பதிந்ததை மாற்றாமல் வைக்கும் ஃபைல்) எடுக்கச் சொன்னேன், வெளிச்சத்தில் தப்புப் பண்ணினால் கொஞ்சம் மீட்கலாம். கூந்தங்குளம் பறவைகளுக்கு இப்போதே போக வேண்டும் என்று அடம்பிடித்தாள். 50 மி.மீ. லென்ஸில் நாரை கொசு மாதிரித்தான் வரும் என்று சொல்லி நிறுத்தினேன். அதற்குப் பதில் தசராவுக்குக் குலசை (குலசேகரன்பட்டினம்) கூட்டிப்போனேன். வேஷம் கட்டியவர்கள் முகத்துக்கு இந்த லென்ஸைவிடப் பொருத்தமானது என்னிடமே இல்லை.

எடுத்து முடித்துப் பையிலேயே போட்டு வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. லெதர் பையும் மழைக்காலமும் சேர்ந்தால் ஃபங்கஸ் நிச்சயம். ரப்பர் வளையத்தோடு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், போதும். நீலமாக இருக்கும் மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பானதும் தனியாக ஒரு பழைய சட்டியில் லேசாகச் சூடாக்கினால் திரும்ப நீலமாகும். அந்தச் சட்டியில் பிறகு சமைக்கக் கூடாது, மணிகளில் நஞ்சு உண்டு. அக்கா வீட்டுச் சமையலறையில் அந்த டப்பா கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு, மூடிமேல் சிவப்பு மையில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.